காதுக்குள் கேட்கும் ஓசை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசை நிகழ்ச்சிக்கு முன்னர் மருத்துவன் ஒருவனைப் பேச வைப்பது விருந்துக்கு முன் கஷாயம் கொடுப்பது போன்றது. ஆயினும் எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் பொருள் இசைக்கு அண்டை வீட்டுப் பொருள்தான். புறத்தே ஓசை எதுவும் இல்லாத வேளையில் காதுக்குள் கேட்கும் ஓசையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். இப்பொருளை ஏன் தேர்ந்தீர்கள் என்று வினவினேன். "மாதக் கூட்டத்தில் முன்வரிசையில் அமரும் பெரியவர்களுள் நால்வர் இதையே பேசிக்கொள்கின்றார்கள், வீட்டில் சொன்னால் மனப்பிராந்தி என்று எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சுகின்றார்கள்" என்றார். அந்த நால்வரை நோக்கியே இவ்வுரை. அவர்கள் யாவர் என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்நோய்க்குறியை நாம் காதிரைச்சல் என்கின்றோம். ஆங்கில மருத்துவ நூல்கள் டின்னிட்டஸ் என்னும் இலத்தீன் சொல்லால் குறிக்கும். மணி ஒலித்தல் என்பது அதன் பொருள். சுசுருதர் காது நோய்கள் இருபத்தெட்டு என்று கணக்கிட்டபோது கர்ணநாதத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். நோயாளிகளோ நூற்பெயரைத் தேடுவதில்லை. சில்வண்டு என்பார் ஒருவர். சங்கு என்பார் ஒருவர். அடுப்பில் குக்கர் சீறுவது போல என்பார் ஓர் அம்மையார். ரயில்வேக் குடியிருப்பிலிருந்து வந்த ஒருவர், "நீராவி எஞ்சின் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டது, என் காதில் மட்டும் இன்னும் ஓடுகின்றது" என்றார்.

இது அரிய நோயன்று. உலகின் பல நாடுகளில் எடுக்கப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2022-ஆம் ஆண்டு வெளியான கணக்கு ஒன்று, வளர்ந்தோருள் நூற்றுக்குப் பதினான்கு பேர் இவ்வோசையை அறிந்தவர்கள் என்றும், நூற்றுக்கு இருவர் அதனால் கடுமையாக அல்லலுறுகின்றார்கள் என்றும் கூறுகின்றது. இக்கூடத்தில் முந்நூறு பேர் இருப்போமாயின் நாற்பது பேர் அக்கணக்கில் அடங்குவர். எனவே முன்வரிசை நால்வரும் தனித்து விடப்பட்டவர்கள் அல்லர்.

அதனினும் வியப்பான சோதனை ஒன்று 1953-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவரால் நடத்தப் பெற்றது. காது நன்றாகக் கேட்கும் எண்பது பேரை ஒவ்வொருவராக ஒலி புகாத அறையில் அமர்த்தி, "என்ன கேட்கின்றது?" என்று வினவினார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் ஏதோ ஓர் ஓசை கேட்டதாகக் கூறினார்கள். ஆகவே நரம்பு மண்டலத்தின் உள்ளே எப்போதும் ஒரு சிறு சலசலப்பு உண்டு. ஊர் ஓசை அதை மூடி வைத்திருக்கின்றது. சிலருக்கு மட்டும் அது ஏன் மேலே எழுந்து வந்து தூக்கத்தைக் கெடுக்கின்றது என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு நுனி நாம் வாழும் இவ்வூரின் வரலாற்றோடு பிணைந்திருக்கின்றது. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் இச்செகந்திராபாத்தில்தான் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். பேகம்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய கட்டடத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் விடுப்பில் உதகமண்டலத்துக்குச் சென்றிருந்தபோது அவருக்கே மலேரியாக் காய்ச்சல் வந்தது. அந்த நீலகிரியில், நடுவட்டத்திலும் தொட்டபெட்டாவிலும், 1860-களிலிருந்து சின்கோனா மரங்கள் வளர்ந்து வந்தன. அம்மரப்பட்டையிலிருந்து எடுத்ததே கொயினா. நம் பாட்டன்மார் காலத்தில் சென்னைப் படையோடு இவ்வூர்ப் பாளையத்துக்கு வந்த தமிழனும், ரயில் பாதை போட வந்த தமிழனும் விழுங்கிய கசப்பு மருந்து அதுதான்.

கொயினாவை அளவு மிகுத்து உட்கொண்டால் காதில் 'ஙொய்' என்று இரைச்சல் எழும். காது சற்று மந்தமாகும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டும் விலகும். இரைச்சல் எழுந்தால் மருந்து போதிய அளவு உடம்பில் சேர்ந்துவிட்டது என்று அக்கால மருத்துவர்கள் அடையாளம் வைத்துக்கொண்டதும் உண்டு. கீல்வாத நோய்க்கு ஆஸ்பிரின் வகை மருந்துகளை மிகுந்த அளவில் கொடுத்த காலத்திலும் இதே அடையாளம் வழங்கிற்று. (இதயத்துக்காக நாள்தோறும் உண்ணும் சிறு ஆஸ்பிரின் மாத்திரைக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டு, என் பேச்சைக் கேட்டு எவரும் அதை நிறுத்திவிட வேண்டா. அந்த அளவு வேறு, இந்த அளவு வேறு.)

ஆராய்ச்சியாளர்களுக்கு இது பெரிய வாய்ப்பாயிற்று. வேண்டும்போது வரவழைத்து, வேண்டாதபோது போக்கக்கூடிய காதிரைச்சல் கைக்குக் கிடைத்துவிட்டது அன்றோ? விலங்குகளில் அதை ஆராயலாம். ஆனால் ஓர் இடர்ப்பாடு. தனக்குள் கேட்கும் ஓசையை எலி எவ்வாறு நமக்குச் சொல்லும்?

1988-ஆம் ஆண்டு யாஸ்ட்ரெபாஃப் என்பவரும் அவர் துணைவர்களும் இதற்கு வழி கண்டார்கள். தாகமுள்ள எலிகளை, எப்போதும் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும் கூண்டில் வைத்தார்கள். அவ்விரைச்சல் திடீரென நின்று அமைதி நிலவினால், சிறிது நேரத்தில் காலில் மெல்லிய மின்னதிர்ச்சி. சில நாட்களில் எலிகள் பாடம் கற்றுக்கொண்டன. அமைதி வந்தவுடன் நீர் குடிப்பதை நிறுத்தின. பின்னர் அவற்றுக்கு ஆஸ்பிரின் வகை மருந்தைச் செலுத்தினார்கள். இப்போது கூண்டில் ஓசை நின்றபோதும் எலிகள் நீரை நக்கிக்கொண்டே இருந்தன. ஏன்? அவற்றுக்கு அமைதி என்பதே இல்லை. காதுக்குள் ஓசை தொடர்ந்தது. காதிரைச்சல் மனப்பிராந்தி என்று சொல்வோர்க்கு அந்த எலிகளைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஓசை மெய்தான்; ஆனால் அது பிறக்கும் இடம் எது? காது என்று நாம் காட்டும் இடத்தில் அது பிறப்பதில்லை என்பதுதான் இத்தனை ஆண்டு ஆராய்ச்சியின் சாரம். உள்காதில் நத்தை ஓடு போன்ற சுருள் ஒன்று உள்ளது. ஒவ்வொரு சுருளிலும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. வீணையின் மெட்டுக்கள் போல, சுருளின் அடியில் இருப்பவை உச்ச ஒலிகளையும், நுனியில் இருப்பவை தாழ்ந்த ஒலிகளையும் ஏற்கும். முதுமையாலோ பேரிரைச்சலாலோ, ஸ்ட்ரெப்டோமைசின் இனத்து மருந்துகளாலோ அவை மடிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. அவ்விடத்திலிருந்து மூளைக்குச் செல்லவேண்டிய செய்தி குறைந்துவிடுகின்றது. மூளை என்ன செய்கின்றது? பழைய வால்வு ரேடியோவில் தொலைதூர நிலையம் சரியாகக் கேளாதபோது நாம் செய்ததையே செய்கின்றது. குமிழைத் திருகி ஒலியைப் பெருக்குகின்றது. நிலையம் வந்ததோ இல்லையோ, ரேடியோவின் சொந்த இரைச்சல் 'உஸ்' என்று பெருகிக் கேட்கும். அதுவே காதிரைச்சல்.

காலை இழந்தவனுக்கு இல்லாத காலில் வலி எடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற நம் தமிழர் வி. எஸ். ராமச்சந்திரன், அம்மாய உறுப்பை ஒரு சாதாரணக் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டு ஆராய்ந்து புகழ் பெற்றார். காதிரைச்சலும் அவ்வினத்தைச் சேர்ந்ததே; இழந்த ஒலியின் மாய உறுப்பு என்று அதனைச் சொல்லலாம். காதிலிருந்து செல்லும் நரம்பையே அறுத்த பின்னரும் பலருக்கு ஓசை நீங்காதிருந்ததும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது.

"எனக்குக் காது நன்றாகக் கேட்கின்றதே, சோதனையிலும் குறை இல்லை என்றார்களே" என்று ஒருவர் கேட்கலாம். 2009-ஆம் ஆண்டு குஜாவா, லிபர்மன் என்னும் இருவர் சுண்டெலிகளில் கண்டது இங்கே உதவும். ஒருமுறை பேரிரைச்சலுக்கு ஆளான சுண்டெலிகளின் கேட்கும் எல்லை சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பிற்று, மயிரணுக்களும் பிழைத்திருந்தன, ஆனால் அவற்றுக்கும் நரம்புக்கும் இடையே இருந்த இணைப்புகளில் பெரும்பகுதி என்றென்றைக்குமாக அறுந்துவிட்டிருந்தது. நம் வழக்கமான சோதனைக்கு அகப்படாத இழப்பும் உண்டு என்பது இதனால் விளங்கும். கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கிக்கு அடியில் அமரும் இளைஞர்கள் இதைச் சற்று நினைவில் வைக்கலாம்.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். என்னிடம் வந்த ஒரு பெரியவரின் கதையைச் சொன்னால் எளிதில் விளங்கும். முப்பது ஆண்டுகள் இரும்புத் தகடுகளை ஆணி அடித்துப் பிணைக்கும் கூடம் ஒன்றில் உழைத்தவர், வேலூர்ப் பக்கத்தவர். கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரை 1886-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்னும் மருத்துவர் சோதித்து, அவர்களுள் ஒருவருக்கேனும் முழுச் செவித்திறன் இல்லை என்று எழுதினார். நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை தொழில்நோயாகச் சேர்க்கப்பட்டது. இவற்றையெல்லாம் அறியாத அப்பெரியவரை அவர் மகன் அழைத்து வந்தார். "இரவெல்லாம் எழுந்து நடக்கிறார், டாக்டர். காதில் சத்தமாம். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்றார். பெரியவர் என்னைப் பார்த்து, "ஐயா, சாகும்போதாவது இது நிற்குமா?" என்று கேட்டார்.

காதில் குரும்பி இருக்கின்றதா, செவிப்பறை சரியாக உள்ளதா என்று பார்த்தேன். பின்னர்ச் செவித்திறன் படம் எடுத்தோம். இரைச்சலில் உழைத்தவர்க்கு வழக்கமாக 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழும். அவருக்கும் அங்கேதான் விழுந்திருந்தது. அடுத்துச் சுருதி சேர்ப்பது. கருவியிலிருந்து ஒலிகளை மாற்றி மாற்றி எழுப்பி, "உங்கள் ஓசை இதுவா, அதுவா?" என்று கேட்க வேண்டும். கீழ்ஸ்தாயி ஷட்ஜத்தையும் மேல்ஸ்தாயி ஷட்ஜத்தையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை இங்கே நேர்வதுண்டு. ஆகவே ஒரு ஸ்தாயி மேலும் கீழும் வைத்து மீண்டும் கேட்பது முறை. அவருடைய ஓசை 4000 ஹெர்ட்ஸுக்கு அருகே, அந்தப் பள்ளத்திலேயே வந்து நின்றது. ஓசையின் உரப்பையும் இவ்வாறே ஒப்பிட்டு அளந்தோம். அவர் காது கேட்கத் தொடங்கும் எல்லைக்கு மேல் ஏழு டெசிபல்.

மகன் சிரித்துவிட்டார். "ஏழுதானா? இலை உதிர்வதற்கா அப்பா தூங்கவில்லை?" என்றார்.

அந்தச் சிரிப்பு அறியாமையால் வந்தது. தீய எண்ணத்தால் அன்று. இந்தத் துறையில் பலரையும் மயங்க வைத்த இடமும் அதுவே. மிகவும் துன்புறுவோர் பலருக்கும் இந்த அளவு பத்து டெசிபலுக்குள்ளேயே நிற்கின்றது. அதே ஏழு டெசிபல் ஓசையோடு நிம்மதியாக உறங்குவோரும் உளர். ஓசையின் அளவு துன்பத்தின் அளவாகாது. மூளையில் கேட்கும் பகுதி மட்டுமன்றி, அச்சத்தையும் கவனத்தையும் ஆளும் பகுதிகளும் இதில் கைகோத்து நிற்கின்றன. இருட்டில் கேட்கும் ஓர் ஓசையை ஆபத்து என்று மூளை ஒருமுறை முடிவு செய்துவிட்டால், காவற்காரன் போல அதனையே உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆகவே துன்பத்தை அளக்க வேறு கோல் வேண்டும். 1996-ஆம் ஆண்டு நியூமன் குழுவினர் இருபத்தைந்து வினாக்கள் கொண்ட பட்டியலொன்றை உண்டாக்கினார்கள். தூக்கம் கெடுகின்றதா, கூட்டத்தில் பேச்சு விளங்கவில்லையா, மனம் சோர்கின்றதா என்றெல்லாம் கேட்டு, நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பிடுவது அது. பெரியவர் அதில் 72 பெற்றார். மகனிடம் அத்தாளைக் கொடுத்து, தந்தையின் விடைகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். பாதியிலேயே தாளை மடித்து வைத்துவிட்டார்.

இப்போது என் பிழை ஒன்றையும் இச்சபையில் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், நாற்பது வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர் இடக்காதில் மட்டும் இரைச்சல் என்று வந்தார். செவிப்பறை பளிச்சென்று இருந்தது. வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து, "ஒன்றுமில்லை அம்மா, பழகிவிடும்" என்று அனுப்பினேன். இரண்டாண்டு கழித்து வந்தார். தொலைபேசியை இடக்காதில் வைத்தால் பேச்சு விளங்கவில்லை, நடையும் தடுமாறிற்று. செவி நரம்பருகே கொட்டைப்பாக்கு அளவில் கட்டி. அறுவை செய்து உயிருக்கு ஊறின்றி மீண்டார். ஆனால் அக்காது போயிற்று, முகத்தின் ஒரு பக்கமும் சற்றுத் தொய்ந்தது. முதல் நாளில் இரு காதுகளுக்கும் செவித்திறன் படம் எடுத்திருந்தால் ஒன்று தாழ்ந்திருப்பதைக் கண்டிருப்பேன். அரை மணி நேர வேலை அது. இத்தகைய கட்டி மிக அரிது. ஒருபுறக் காதிரைச்சல் உள்ளவருள் பெரும்பாலோர்க்கு அது இராது. இருந்தும் அன்று முதல் ஒரு காதில் மட்டும் ஓசை என்று வரும் எவரையும் நான் படம் எடுக்காமல் அனுப்பியதில்லை.

அதுபோன்றே விரைந்து பார்க்க வேண்டியவை வேறு சில. ஓசை நாடித் துடிப்போடு ஒத்துத் 'தக் தக்' என்று கேட்டால் இரத்தக் குழாய்களையும் சோகையையும் தலைக்குள் உள்ள அழுத்தத்தையும் ஆராய வேண்டும். ஒரு காது ஓரிரு நாளில் திடீரென அடைத்து இரைந்தால் அது அவசரம். முதல் இரண்டு வாரங்களில் தொடங்கும் மருத்துவமே பெரிதும் பயன் தரும். சளி அடைப்பு என்று எண்ணி எண்ணெய் விட்டுக்கொண்டு நாளைக் கடத்துவோர் பலர். தலைச்சுற்றலும் வாந்தியும் விட்டுவிட்டு வந்தால் மெனியேர் 1861-ஆம் ஆண்டு விவரித்த நோயாக இருக்கலாம். பல்லைக் கடித்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ ஓசை மாறுகின்றதா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். தாடை மூட்டும் கழுத்தும் இதில் பங்கு கொள்வதுண்டு.

மறுபுறம், இரு காதிலும் சமமாக இரைந்து, வேறு குறி எதுவும் இல்லாதவர்க்கு மூளைப் படம் தேவையில்லை. 2014-ஆம் ஆண்டு அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவக் கழகம் வெளியிட்ட நெறிமுறையும் இதனையே கூறுகின்றது. பல்லாயிரம் ரூபாய் செலவிட்டுப் படம் எடுத்து, "ஒன்றும் இல்லை" என்ற சீட்டோடு திரும்புவோர் முன்னிலும் மனம் ஒடிந்தே திரும்புகின்றார்கள். மருந்தும் அவ்வாறே. ஜிங்கோ இலைச் சத்து மாத்திரைகளை 1,100-க்கு மேற்பட்டோரிடம் சோதித்து 2001-ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியிட்ட ஆய்வில், வெறும் மாவு மாத்திரையை விட அது மேலானதாகக் காணப்படவில்லை. காதிரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை இன்றளவும் இல்லை.

பயன் தருவன எவை? கேட்கும் திறன் குறைந்தவர்க்குக் காதுக் கருவி. இரவில் முழு அமைதியைத் தவிர்த்து, மின்விசிறியோ சுருதிப் பெட்டியோ மெல்ல ஒலிக்க விடுவது. மனத்தின் எண்ணப் போக்கைத் திருத்தும் பயிற்சி முறை மற்றொன்று. 28 ஆய்வுகளில் 2,733 பேரை வைத்து 2020-ஆம் ஆண்டு செய்த தொகுப்பு, அது ஓசையால் வரும் துன்பத்தைக் குறைக்கின்றது என்று காட்டிற்று. ஓசையைப் போக்கும் என்று அம்முறை வாக்களிப்பதில்லை. நான் சொன்ன பெரியவர் காதுக் கருவி பூட்டிக்கொண்டார். ஓராண்டு கழித்து அந்த வினாத்தாளில் 72 என்பது 30 ஆயிற்று.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கென்று ஒரு சொல். உச்ச ஒலிகளை இழந்த காதுக்கு முதலில் நழுவுவன ச, த போன்ற மெல்லிய மெய்யொலிகள். தாய்மொழியில் மூளை அந்த ஓட்டைகளைப் பழக்கத்தால் அடைத்துக்கொள்ளும். பிற்காலத்தில் கற்ற தெலுங்கிலோ உருதுவிலோ அவ்வாறு எளிதில் இயலாது. அதுவும் மோண்டா மார்க்கெட்டின் சந்தடியில் சொல்லவே வேண்டா. "அப்பாவுக்கு வீட்டில் எல்லாம் கேட்கிறது, கடைக்குத்தான் போகமாட்டேன் என்கிறார்" என்று பிள்ளைகள் சொல்லும்போது, பிடிவாதம் என்று முடிவு கட்டுமுன் அவர் காதைச் சோதிக்கச் செய்யுங்கள்.

சோதனைக்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கோட்டியில் அரசினர் காது மூக்கு தொண்டை மருத்துவமனை இருக்கின்றது. நம் ஐதராபாத்தைச் சேர்ந்த நவாப் அலி யாவர் ஜங் பெயரால் அமைந்த தேசிய நிறுவனத்தின் மண்டல நிலையம் செகந்திராபாத் மனோவிகாஸ் நகரில் உள்ளது. செல்லும்போது நீங்கள் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட அது நலம். என்ன தொழில் செய்தீர்கள், எத்தனை ஆண்டு செய்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முன்னர் எடுத்த செவித்திறன் படம் இருந்தால் அதையும் மறவாதீர்கள்.

மேடைக்குப் பின்னால் தம்புராவுக்குச் சுருதி கூட்டும் ஓசை கேட்கின்றது. தலைவரும் கடிகாரத்தைப் பார்க்கின்றார். நான் இறுதிவரை கூடத்தின் வாயிற்பக்கம் அமர்ந்திருப்பேன். முன்வரிசை நால்வரும் விரும்பினால் இடைவேளையில் அங்கே வரலாம்.